நூறாண்டு மழை

நான் பொய் எழுதியதில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான்.

உம்லாங்காவில் பதினோராவது மாடி.
கண்ணாடிக்கு அப்பால் டர்பன் துறைமுகத்துக்குக்
காத்து நிற்கும் கப்பல்கள்.
அங்கே உட்கார்ந்து எழுதினேன்:
ஆய்வுகள் தொடர்கின்றன.
அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.
அந்த ஒருமித்தில்லாத அறிஞரையும்
நானேதான் தேடிப் பிடித்தேன்.
நிலவியலில் முனைவர், ஓய்வு பெற்றவர்,
பில்டாங் மென்றபடியே பேசுவார், நல்ல மனிதர்.
வானொலியில் நூறு பேர் சார்பில் ஒரு நாற்காலி,
இவருக்கு ஒரு நாற்காலி.
ஒன்றுக்கு ஒன்று சரி என்று
கேட்டவர்கள் கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் மழை.
சரிவுகள் வீடுகளோடு இறங்கின.
இரவு ஒன்றரைக்கு வாடிக்கையாளரின் போன்:
விடிவதற்குள் நாலு வரி,
நம் புகைபோக்கி அதில் தெரியக் கூடாது.

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை; இயற்கையின் செயல்.
எங்கள் இதயம் பாதிக்கப்பட்டோருடன்.

சட்டப் பிரிவு இதயத்தை வெட்டியது.
இதயம் என்றால் பொறுப்பேற்றதாக ஆகுமாம்.
நினைவுகள் என்று போட்டேன்.

ஜூலுவில் பெயர்க்க நொம்புசோ வந்தாள்.
குவாமஷுவில் அவள் வீட்டுப் பின்சுவர் போயிருந்தது.
ஷூவில் செம்மண்.
"போன வெள்ளத்துக்கும் இதையேதான் எழுதினாய்.
மூணு வருஷத்தில் ரெண்டு நூறாண்டா?"
அவள் சிரிக்கவில்லை.
பெயர்த்துக் கொடுத்துவிட்டு
டாக்ஸி பிடிக்க ஓடினாள்.
நான் அனுப்பு என்பதை அழுத்தினேன்.

இசிபிங்கோவில் அண்ணி சரோஷினிக்கு மசாலாக் கடை.
மிளகாய்த்தூள் மூட்டைகள் தண்ணீர் குடித்து வெடித்ததில்
நாலு சுவரிலும் இடுப்பளவில்
ஒரே மட்டமாய்ச் சிவப்புக் கோடு.
கொத்தனார்கூட அத்தனை நேராய் இழுக்க மாட்டான்.

ஆறு வாரம் கழித்து
இன்ஷூரன்ஸ்காரன் கடிதம் வந்தது.
"நீ படிச்சுச் சொல்லு,
கம்பெனி பாஷை உனக்குத்தானே புரியும்."

கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றது முதல் பத்தி.
ஏன் என்றது இரண்டாவது:
நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை; இயற்கையின் செயல்.
அரைப்புள்ளிகூட இடம் மாறவில்லை.
அடியில் பொடி எழுத்தில் ஆதாரம்,
செய்திக்குறிப்பு, தேதி.

நான்காவது வார்த்தையில் என் குரல் இறங்கியதை
அண்ணி கவனித்திருக்க வேண்டும்.
துடைத்துக்கொண்டிருந்த கல்லாப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இதை எழுதினவன் எந்த ஊர்க்காரனாம்?"

டர்பன்.

"டர்பனா?
அப்போ அவனும் நனைஞ்சிருப்பானே."

கடிதத்தை நாலாய் மடித்தேன்.
அது எட்டாகும்வரை மடித்தேன்.
கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கு என்று கேட்டாள்.

மிளகாய், என்றேன்.