உறைபனிக்குப் பின் எண்ணிக்கை

மடேராவில் மூன்று இரவுகள் தொடர்ந்து
சுழியத்துக்குக் கீழே நாலு, ஐந்து, ஐந்தரை.
அறுவடைக்கு உதிராமல்
கிளையிலேயே கருத்துக் காய்ந்த பாதாம்களை
எலுத்தேரியோ கழியால் தட்டத் தட்ட
கல்லைப் போல விழுந்தன.

நூறு காய் போதுமென்று
சாக்கில் அள்ளி வந்தாள் பெர்ஜூஹி.
கொட்டகையில் ஒரு மேசை, ஒரு விளக்கு,
பாக்குவெட்டி மாதிரி ஒரு கருவி.
ஓடு பிளந்தால் பருப்பில்லை.
பொடியும் நூலாம்படையும்,
நடுவே வெளிறிய சிவப்பில் ஒரு புழு.
ஊசிமுனையால் தொடுவாள்.
நெளிந்தால் இந்தப் பக்கம் ஒரு கோடு,
நெளியாவிட்டால் அந்தப் பக்கம்.

நெர்செஸ் வாசலில் நின்று
காபியை ஊதிக்கொண்டே கேட்டார்:
"எத்தனை செத்தது?"
"இதுவரை பத்துக்கு ஆறு."
"ஆண்டவரே, இன்னும் இரண்டு இரவு!"
ஒரு மருந்தடிப்பின் செலவு
அவர் முகத்தில் மிச்சமானது.

நாற்பத்தொன்றாவது காயில்
புழு வெறும் தோலாயிருந்தது.
பக்கத்தில் ஏழு கூடுகள், நொய்யரிசி அளவு.
அவற்றின் மேல் கால் பரப்பியபடி
எறும்பைவிடச் சிறிய கருங்குளவி ஒன்று.

கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்பார்கள்.
ஆக்குவதில்லை, ஆகாரமாக்கும்.
கொட்டி மரக்கவைத்து, மேலே முட்டையிட்டு,
பிள்ளைகள் தின்று முடிக்கும்வரை
இருட்டில் காவலிருக்கும்.
தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.
இந்தக் குளிரைப் பற்றி
அதனிடம் யாரும் கேட்கவில்லை.

பெர்ஜூஹி வாயால் ஊதிச் சூடேற்றினாள்.
ஒரு கால் அசைந்தது,
அது ஊதிய காற்றுதான்.

நாற்பத்திரண்டில் ஒரு புழு.
கொழுத்தது. ஊசி படுமுன்னே நெளிந்தது.

சாயங்காலம் இரண்டு எண்களைச் சொன்னாள்:
புழு, நூறில் ஐம்பத்தெட்டு.
குளவி, பதினொன்றில் ஒன்பது.
நெர்செஸ் டீசல் ரசீதின் பின்புறத்தில்
முதல் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார்.
பேனா மூடும் சத்தம்.

வேலியோர மரத்தில் கழியை ஓங்கிய எலுத்தேரியோ
அவள் கையசைப்பைப் பார்த்து நின்றான்.
"இதுவும் தட்ட வேண்டியதுதானே?"
"தட்ட வேண்டியதுதான். நாளைக்கு."
நாளைக்கு என்னவென்று அவளுக்கும் தெரியாது.
மேலே பத்திருபது காய்கள்,
எதற்குள் யாரென்று
ஓட்டுக்கு வெளியே எழுதியிருக்கவில்லை.

சட்டைப்பையில் கண்ணாடிக் குப்பி,
அதில் அந்த ஏழு கூடுகள்,
உடம்புச் சூட்டில்.
கார் கண்ணாடியில் அதற்குள் பனி பிடித்திருந்தது.
தேய்த்தாள்.