பகுதியும் தொகுதியும்

சேர்க்கைப் பிரிவில் மூன்றாம் மேசை என்னுடையது.
ஜன்னலுக்கு வெளியே தக்கலைச் சாலை,
ஜூன் மழை,
நேற்று மாலை கட்டிய பிளக்ஸ்:
"நூறில் ஒன்பது பேருக்கே இடம்.
இதுவே எங்கள் தரம்."
அந்த ஒன்பதைக் கணக்கிட்டவள் நான்.

போன வருடம் அறுபது.
அறுபது என்றால் கேவலம் என்றார் பதிவாளர்,
"வாறவனையெல்லாம் எடுத்தா
சந்தைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"
பிறகு விண்ணப்பக் கட்டணத்தை நீக்கினார்கள்.
ஒரே படிவத்தில் துறைக்கொரு கட்டம்.
குறும்பனை கிளீட்டஸ்
பதினொரு கட்டத்திலும் டிக் அடித்தான்.
வேதியியலில் இடம் கிடைத்தது,
அம்மாவோடு வந்து பணம் கட்டினான்,
மீன்கூடைக்காரியின் ஈர நோட்டுகளை
மின்விசிறியின் கீழ் காயவைத்து எண்ணினேன்.
மீதிப் பத்திலும் தான் தோற்றது
அவனுக்குத் தெரியாது.
அவன் தோற்ற பத்து முறையும்
நாங்கள் உயர்ந்தோம்.

விண்ணப்பங்கள் பன்னிரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
தலைகளை எண்ணினால்
போன வருடம் போலவே ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
இடங்கள் அதே ஆயிரத்து நூற்று நாற்பது.
மேலே நிற்கும் தொகுதி அசையவே இல்லை.
கீழே கிடந்த பகுதியைத்தான்
ஊதி ஊதிப் பெருக்கினோம்.

இயற்பியல் ஆய்வகத்தில் அதே இரண்டு வெர்னியர்,
ஒன்றுக்குத் திருகு இல்லை.
நூலகம் நாலரைக்குப் பூட்டு.

வடசேரியில் ஐந்து நாற்பதுக்குப்
பேச்சிப்பாறை வண்டி.
படியில் பத்துப் பேர் தொங்குவார்கள்,
இருபது பேர் ஏறமுடியாமல் நிற்பார்கள்.
நல்ல வண்டி என்று
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
அடுத்தது ஏழேகாலுக்கு,
அதுவும் சில நாள் வராது.

பின்கட்டில் கடல் உயிரியல்.
புதுப் படிவத்தில் அந்தத் துறைக்குக் கட்டம் வைக்க
மறந்துபோனார்கள்.
வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்டவர்கள் இருபத்தாறு பேர்,
முப்பது இடங்களுக்கு.
இருபத்தாறு பேரும் சேர்ந்தார்கள்.
விகிதம் நூறு.

கையெழுத்து வாங்கப் போனேன்.
கத்தாளை மீனின் தலையைப் பிளந்து
சாமணத்தால் ஒரு கல்லை எடுத்துக்கொண்டிருந்தாள்
மணவாளக்குறிச்சி ரெஜிலா.
காதுக்குள் இருக்கும் கல்லாம்.
தேய்த்து மெலிதாக்கி, லென்சுக்கடியில் வைத்து,
"பாருங்கக்கா" என்றாள்.
மரத்தின் வளையங்கள் போல வளையங்கள்.
"நீளத்த வச்சு வயசு சொன்னா தப்பிப்போவும்.
இங்க நெருக்கமா இருக்குல்லா,
அந்த வருசம் இதுக்கு இரை கிடைக்கல்ல."
கோப்பு அவள் மேசையில் ஈரமாகும்வரை
பார்த்துக்கொண்டே நின்றேன்.
என் மூக்குக்கண்ணாடியில் இன்னும் மீன்வாசம்.

நானொன்றும் யோக்கியம் இல்லை.
போன ஆகஸ்டில் என் மகள் அபிஷா
கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள்,
"கிடைச்சுட்டும்மா."
எந்தப் பாடம், யார் சொல்லித்தருவார்கள்,
விடுதியில் தண்ணீர் வருமா,
எதுவும் கேட்கவில்லை.
"எத்தன பேருக்கு கிடைக்கல்ல?"
என்றுதான் கேட்டேன்.
அவள் சொன்ன எண்ணை
அன்று சாயங்காலமே
ஜெபக்கூட்டத்தில் நான்கு பேரிடம் சொன்னேன்,
ஐந்தாவது ஆளிடம்
கொஞ்சம் கூட்டியும்.

துறைவாரிப் பட்டியலைத் தட்டச்சு செய்து அனுப்பினேன்.
மதியம் திரும்பி வந்தது.
கடல் உயிரியலுக்கு நேரே
நூறைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
ஓரத்தில் பதிவாளர் கையெழுத்தில்:
"தவறு. சரிபார்க்கவும்."

சரிபார்த்தேன்.
இருபத்தாறு வெள்ளைத்தாள்களையும் வெளியே எடுத்து
ஒவ்வொரு பெயராக வாசித்து,
மூன்று முறை.
நூறுதான்.