சாட்சி எண் பதினான்கு

வாஷிங்டன் நீதிமன்றத்தில் நான் சுருக்கெழுத்தர்.
எனக்குக் கருத்து கிடையாது, விரல்கள்தான்.

ஐலா ஹொக்கனென்.
டுலூத்திலிருந்து இரண்டு விமானம் மாறி வந்தவள்.
உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்பிடிப்பவர்களுக்குத்
தூண்டில் செய்து இணையச் சந்தையில் விற்கிறாள்.
திருத்தம்: விற்றாள்.
சந்தைக்காரனே அதே தூண்டிலை, அதே சிவப்பில்,
இரண்டு டாலர் குறைத்து முதல் வரியில் வைத்தான்.
இவளுடையது ஏழாம் பக்கத்துக்குப் போயிற்று.

"தராசு அவர்களுடையது, எடைக்கல் அவர்களுடையது,
இப்போது எதிர்க்கடையும்."

நிறுவனத்தின் வக்கீல் கனிவாகக் கேட்டார்:
"வளர்ந்தது குற்றமா அம்மா?
உங்கள் முதல் வாடிக்கையாளரைத் தந்ததே நாங்கள்தானே?"

"ஆமாம்" என்றாள்.
அதையும் அடித்தேன்.

பிறகு, யாரும் கேட்காமலே:
"ஏப்ரலில் எங்கள் துறைமுகத்துக்குப் பனியுடைக்கும் கப்பல் வரும்.
பனி என்ன தப்புச் செய்தது என்று யாரும் விசாரிப்பதில்லை.
மற்ற கப்பல்கள் போகவேண்டும், அவ்வளவுதான்."

"உங்கள் பிழைப்பே பனிமேல்தானே?"

பதினோரு விநாடி.
மௌனத்துக்கு என் இயந்திரத்தில் விசை இல்லை.

மாலையில் படிக்கட்டில் நின்று
ரயில் நிலையத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தாள்,
அவர்களுடைய வரைபடத்தில்.

கையை நீட்டிக் காட்டினேன்:
இடப்பக்கம், இரண்டாவது தெரு.