ஹாவா

கொண்டல் அடித்தால் படம் தெளியும்.
சோழகத்தில் மணல்தான்,
திரையிலும் வாசலிலும்.

கூரைமேல் அண்ணன் மூங்கிலைக் கட்டிப்பிடித்து
ஆன்டெனாவைத் திருப்ப
கீழே நான் கத்துவேன்:
வந்திருச்சு, போயிருச்சு, வந்திருச்சு,
அப்படியே நில்லு, மூச்சு விடாத.
தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவுக்கு
கொடைக்கானல் எட்டாத நாளிலும்
அக்கரை எட்டும்.

ஒற்றைக் காது முயல்.
தோளில் தபால் பை.
வாராவாரம் ஒரு கடிதம், வாராவாரம் தப்பான வீடு.
அந்தத் தப்பான வீட்டில்தான்
யாரோ ஒரு கடிதத்துக்காக
உட்கார்ந்திருப்பார்கள்.
பேசுவது சிங்களம். ஒரு சொல் புரியாது.
எல்லோரும் அதை ஹாவா என்றார்கள்,
நானும் சொன்னேன்.
காது போன கதை வந்த அன்று
கரண்ட் இல்லை.

•

நாற்பத்து நாலு வயது.
ஞானஸ்நானப் பெயர் ஜெரால்டு,
படகில் பொம்மைப்படம்.
‘ஏ பொம்ம, கயித்தப் பிடி.’
பொண்ணு கட்டிக்கொடுக்கிற வயசுல
இது என்னடா என்பார் சம்மாட்டி.
பிடிபடாமல் போன மீனைப் பற்றி
டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவர்.

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
சிலர் சீட்டு, சிலர் சாராயம், சிலர் கேரளா.
நான் வலை பொத்துவேன்,
போனை ஐஸ் பெட்டியில் சாய்த்துவைத்து.
உருளை நசுக்கிய பூனை
தாளாய்ப் பறந்து, சுவரில் ஒட்டி,
ஒரு தும்மலில் மறுபடி பூனையாகும்.
ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.
ஆயிரத்தோராவது தடவையும்
தும்முமா என்று ஊசியை நிறுத்துகிறேன்.

ஜஸ்டஸ் விழுந்த இடத்தில்
தண்ணீர் தட்டையாய் மூடிக்கொண்டது.
விடிய விடிய சுற்றினோம்.

மகள் ஜெமிலா ஆறாம் வகுப்புவரை
என் மடியில்தான் பார்த்தாள்.
பிறகு பாயின் மறு ஓரம்,
பிறகு அடுத்த அறை.
‘அப்பா, சத்தத்தக் குறைங்க.’
அவளுக்கு வயதாகிவிட்டது.

•

வவுனியா ஜெயிலில் இருபத்தாறு நாள்.
எல்லை தாண்டினோமாம்.
அலைமேல் கோடு போட்டவன்
கொஞ்சம் அழுத்திப் போட்டிருக்கலாம்.

ராக்காவலுக்கு ஒருவன்,
என் வயதிருக்கும், மீசையில் நரை.
கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று
என்னவோ கேட்டான்.
அவன் பாஷையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
ஹாவா, என்றேன்.
முறைத்தான்.
தலைமேல் இரண்டு விரல் நிமிர்த்தி
ஒன்றை மடக்கினேன்.
தோளில் இல்லாத பையைச் சரிசெய்தேன்.

துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான்.
சீட்டியடித்தான்: தொடக்கத்தில் வரும் இசை,
எங்கள் டிவியில் எப்போதும்
இரைச்சலில் தொலைந்த அந்த நாலாவது அடியோடு.

மன்னார்க்காரப் பையன் ஒருவன் விழித்துக்கொண்டான்.
‘ஹாவா எண்டா முயல்தான் அண்ணே.
பேரில்ல.’
முப்பத்தைந்து வருஷமாய்
முயலை முயல் என்றே கூப்பிட்டிருக்கிறேன்.
அப்ப பேரென்ன, கேளு தம்பி.
கேட்டான். காவல்காரன் உதட்டைப் பிதுக்கினான்,
அவனுக்கும் மறந்துபோயிருந்தது.

பையன் தூங்கிப்போனான்.
காதைத் தொட்டுக் காட்டினேன்,
கையை விரித்தேன்: எப்படி?
உட்கார்ந்தான்.
சொல்ல ஆரம்பித்தான்.
ஒரு கதவு சாத்தியது, ஒரு பாலம்,
ஏதோ ஒரு பெரிய மிருகம்,
அவன் கன்னம் உப்பியது, அழுதான், முயலாக அழுதான்,
தொப்பியைக் கழற்றிக் கடிதமாக்கி நீட்டினான்.
நடுவில் ‘எபா, எபா’ என்றான்.
வேண்டாம் என்று அர்த்தமாம், மறுநாள் தெரிந்தது.
எனக்கு அது நம்மூர் ‘எப்பா’வாகத்தான் கேட்டது,
இரண்டும் சரியாகத்தான் இருந்தது.

அரை மணி நேரம்.
ஒரு சொல் புரியவில்லை.
கடைசிவரை பார்த்தேன்.

•

படகு இன்னும் அங்கேதான் துருப்பிடிக்கிறது.
கடன்காரன் காலையில் வந்து போனான்.

ஜெமிலா கணக்குப் போட்டபடி, தலை நிமிராமல்:
‘அப்ப, காது எப்படித்தான் போச்சாம்?’

கதவைச் சாத்திக் காட்டினேன்.
பாலம், என்றேன்.
தொப்பி இல்லை, துண்டை எடுத்தேன்.