சம்பளத்தோடு ஓர் எம்சி

பாகான் ஆஜாம் திடலில்
மழைத் தண்ணீர் வடிய இரண்டு நாளாகும்.
முதல் இரண்டு வருடம்
பந்தைத் தூக்கியதைவிட
வாளியைத் தூக்கியதுதான் அதிகம்.

அப்போது ஒன்பது பேர்.
ரக்பி லீக்குக்குப் பதின்மூன்று வேண்டும்.
மீதி நாலு இடத்தில்
லாரி டயர் நிறுத்தினோம்.
"டயருங்க ஒருநாளும் லேட்டா வந்ததில்ல" என்பாள் ஹர்விந்தர்,
லேட்டாக வரும் தவமலரைப் பார்த்து.

தவமலர்
பயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
கம்பெனி பஸ் பாலம் தாண்டி இறக்கிவிட,
கையுறைத் தூள் போகாத விரலோடு பந்து வாங்குவாள்.
வாங்கிவிட்டால்
மூன்று பேர் சேர்ந்துதான் சாய்க்கணும்.
தோளில் படரும் நீலம்
சூப்பர்வைசர் கண்ணில் படாமலிருக்க
வெயிலிலும் நீளக்கைச் சட்டை.
"வீட்ல யாராச்சும் அடிக்கிறாங்களாம்மா?"
கேண்டீனில் ஒருத்தி ரகசியமாய்க் கேட்டாளாம்.
"இல்லக்கா, கூலிம் பொண்ணு ஒருத்தி.
திரும்ப நானும் குடுத்துட்டேன்."
அதற்குப் பிறகு அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆதரவு கேட்டுப் போன இடமெல்லாம்
வலைப்பந்து என்றால் தருகிறோம் என்றார்கள்.
ஒரு பெயிண்ட் கடை முதலாளி மட்டும்
சட்டை முதுகில் தன் கடை நம்பர் வரணும் என்றார்.
குப்புற விழும்போது நல்லாத் தெரியுமாம்.
வாக்கு மாறாமல்
அந்த வருடம் முழுக்க விழுந்தோம்.
யாரும் அவருக்குப் போன் செய்தார்களா,
தெரியாது.

பிறகு ஒரு தவணை வென்றோம்.
பிறகு பினாங்கு முழுக்கப் பெண்கள் வந்தார்கள்,
தீவிலிருந்து, நிபோங் திபாலிலிருந்து,
ஒருத்தி அலோர் ஸ்டாரிலிருந்து ரயிலேறி.
இந்த ஜனவரியில்
பதின்மூன்று ஒப்பந்தம்,
இருபத்திரண்டு பெண்கள்.

பட்டியலை டைப் செய்தது நான்.
அதில் நானில்லை என்று
என் இடது முட்டி முன்பே படித்திருந்தது.
ஹஸ்லிண்டா பேசாமல் போனாள்.
அடுத்த செவ்வாய் வந்தாள்.
எதுவும் கேட்காமல்
பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டேயிருந்தாள்,
இரண்டு கயிறும் ஒரே பக்கம் நீண்டு தொங்கும்வரை.

இப்போது எனக்கு மேசை.
பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே,
கொடிக்கம்பமும் டேப் சுருளும் இருந்த அறை.
ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்.
ஊழியர் சேமநிதிக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
சொக்சோ தனி.
பதின்மூன்று முறை எழுதினேன்,
பதின்மூன்று முறையும் கூட்டிப் பார்த்தேன்.
படிவத்தில் 'தொழில்' என்ற கட்டம்.
பட்டியலைக் கீழே இழுத்தேன், இழுத்தேன்,
மீன் பிடிப்பவர் இருந்தார்,
முடி வெட்டுபவர் இருந்தார்.
ஆறு முறை பிடிபட்டு
ஆறு முறை எழுந்து
பந்தைக் காலால் பின்னே தள்ளுகிறவளுக்கு
'இதர' என்று போட்டேன்.

நேற்று வாசலில் தவமலர்.
உள்ளே வராமல்,
கையில் நாலாய் மடித்த தாள்.
கிளினிக் முத்திரை. தோள்பட்டை. மூன்று நாள்.
"இத யாருகிட்ட குடுக்கணும்?"

எனக்கும் தெரியவில்லை.
வாங்கிக்கொண்டேன்.
"சம்பளம் புடிப்பீங்களா?"
"மாட்டோம்."
"வந்து உக்காந்து பாக்கலாமா?"
"வீட்டுக்குப் போடி."
போகவில்லை.
கோட்டுக்கு வெளியே,
கை தொட்டிலில் தொங்க,
அரைக்கைச் சட்டையில்,
ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லித் திட்டினாள்.

மாக் மண்டின் கடையில்
இரண்டு ரிங்கிட் ஐம்பது காசுக்கு
ஒரு கோப்பு வாங்கினேன்.
முதுகில் 'மருத்துவ விடுப்பு' என்று எழுதினேன்.
இரண்டு துளை.
ஒரே ஒரு தாள்.
மூடினேன், கிளிப் 'டக்' என்றது.
திறந்து
இன்னொரு முறை மூடினேன்.