நூறில் மூன்று

பிரேமன் துறைமுகத்துக்குப் பின்னால்
இரவுப் பணி.
தூக்கம் கெடுக்காத காப்பிக்காக
தூக்கம் கெட்டு நிற்கிறாள் வீப்கே,
பிளாஸ்க்கில் கடுங்காப்பியோடு.

நீராவி பட்டுப்
பச்சைக் கொட்டைகள் உப்புகின்றன.
நெருக்கிய நெருக்கலில்
காற்றுமல்லாமல் நீருமல்லாமல் ஆகிவிட்ட கரியமிலவாயு
உள்ளே போய்
ஒன்றை மட்டும் கூட்டிக்கொண்டு வருகிறது.
மணத்தை எழுப்பாமல்.
(அது அரைக்கண் திறக்கும், சில சமயம்.)

வெளியே வந்தது வெள்ளைப் பொடி.
மூட்டை கட்டிக் குளிர்பானக் கம்பெனிக்கு.
நாளைக்குப் பரீட்சை உள்ள எவனோ ஒருவன்
இந்தக் கொட்டைகளின் விழிப்பை
டப்பா உடைத்துக் குடிப்பான்.

காலை ஆறேகால்.
அவள் படுக்க வேண்டும், ஓன்னோ எழ வேண்டும்.
இதய அறுவைக்குப் பிறகு
இருவருக்கும் ஒரே கெண்டி, ஒரே பொட்டலம்:
அவள் ஆலையினுடையது.

"எல்லாத்தையும் உருவிட்டீங்களா?"
முகர்ந்தபடி கேட்கிறான்,
பறிகொடுத்தவன் குரலில்.

பொய் சொல்லலாம். வாய் வரவில்லை.
"நூறுல ரெண்டு மூணு
எப்படிக் கழுவினாலும் போகாது."

ஓன்னோ கோப்பையைப் பார்க்கிறான்,
உள்ளே யாரோ தெரிந்தவர் இருப்பதுபோல.
மெதுவாகக் குடிக்கிறான்.
கோப்பையை நீட்டுகிறான்.

"இன்னொண்ணு ஊத்து.
ஆறாகட்டும்."