நாற்பத்திரண்டாவது நிமிடம்

நூற்றிருபது கிலோ வரை ஏறி
அழுத்தமானியின் முள் அங்கேயே நடுங்கி நின்றது.
லாரியில் பம்ப் அலறியது.
ரப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளுக்குள்
பால் சுருங்கிச் சுருங்கி விரிந்தது.
பிறகு, ஒரு சத்தமும் இல்லாமல்,
முள் எழுபதுக்கு விழுந்தது.
"போச்சா?" என்றார் டென்னிசன்.
இல்லை, திறந்தது என்றேன்.
இருநூற்றுப்பத்தடி ஆழத்தில்
யாரும் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒன்றை
முள்ளின் சரிவை மட்டும் நம்பிச் சொன்னேன்.

மஞ்சாலுமூட்டில் மறுநாள் மூன்று மணிநேரம் இறைத்தோம்.
மூன்று மணிக்கு நிறுத்தி
வெள்ளம் திரும்பி ஏறுவதை
பத்து நொடிக்கொருமுறை குறித்தது கருவி.
மழை வரும்போல இருந்தது, வரவில்லை.
சுபின் மட்டும் லேப்டாப்புக்குக் குடை பிடித்தபடி
கடைசிவரை நின்றான்.

இப்போது மார்த்தாண்டம், லாட்ஜ் அறை.
மேம்பாலத்தில் பஸ்கள் உறும
எண்களை மடக்கைத் தாளில் இறக்குகிறேன்.
முதல் புள்ளிகள் அரைச் சாய்வில் நேராக வருகின்றன:
பிளவுக்குள் வெள்ளம் ஒற்றையடிப் பாதையில் நடக்கிறது.
பிறகு கோடு வளைகிறது,
பாறை நாலாபுறமும் கசியத் தொடங்கிவிட்டது.
இதுவரை பாடப்புத்தகம்.

நாற்பத்திரண்டாவது நிமிடத்தில்
ஏறிக்கொண்டிருந்தது நின்று
நான்கு சென்டிமீட்டர் இறங்குகிறது.
பதினேழு நிமிடம் கழித்து மீண்டும் ஏறுகிறது.

அலுவலகத்திலிருந்து செய்தி:
கருவிப் பிசகு, சமன்செய்துவிடவும்.
ஐந்து புள்ளிக்கு ஒரு சராசரி எடுத்தால் போதும்,
எண்ணெய் தேய்த்த தலைபோல் படிந்துவிடும்.

குறிப்பேட்டில், தேயிலைக் கறைக்குப் பக்கத்தில்,
என் கையெழுத்து:
3.42. மதிலுக்கு அப்புறம் மோட்டார் சத்தம்.
3.59. புஷ்பலீலா வீட்டுக் கொடியில் நீலச் சேலை.

பதினோரு வருஷம் கோர்ட்டில் கிடந்த மதில்.
டென்னிசனே சொன்னார்,
ஒரு சாண் மண்ணுக்கு
இரண்டு வக்கீல் வீடுகளுக்கு மாடி எழும்பிய கதையை.
அதன் கீழே பாறை யாரிடமும் பட்டா கேட்கவில்லை.

நாங்கள் திறந்ததா, முன்பே இருந்ததா?
உடைப்பதற்கு முன் அளவெடுக்கவில்லை.
அதையும் எழுத வேண்டும்.

போனில் டென்னிசன்:
"மணிக்கு எத்தன லிட்டர் கிட்டும்?"
ஆயிரத்து எண்ணூறு. அவங்க மோட்டார் போடாதப்போ.
மறுமுனையில் மூச்சு மட்டும்,
அளக்கும்படி எதுவும் இல்லை.
"அவளுக்கு இது தெரியுமா?"
நாம் மூன்று மணிநேரம் இறைத்தபோது
அவர் குழாய்க்குத் தெரிந்திருக்கும்.
"அத எழுதணுமா பிள்ளே?"

மேசையில் படம் மூன்று,
பள்ளம் பள்ளமாகவே கிடக்கிறது.
கூர் மழுங்கிய பென்சிலால்
அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறேன்,
கொஞ்சம் கோணலாக.